விஜய் டெண்டுல்கரின் மேடையும் திரையும்

மராத்தி நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர் 1928 ஜனவரி 6 அன்று மகாராஷ்டிரத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை குமாஸ்தா. சிறிய அளவில் புத்தகம் பதிப்பித்தார், ஓய்வு நேரத்தில் அமெச்சூர் நாடகங்களை இயக்கினார். அச்சுத்தாளும் ஒத்திகையும் பிள்ளைக்கு வீட்டிலேயே பழகிவிட்டன. 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சேர்ந்து, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டார். பிறகு ‘நவபாரத்’, ‘மராட்டா’, ‘லோக்சத்தா’ ஆகிய இதழ்களில் வேலை பார்த்தார். இருபத்தைந்துக்கு மேற்பட்ட முழுநீள நாடகங்களும் ஏறக்குறைய அதே அளவு ஓரங்க நாடகங்களும், இவற்றோடு சிறுகதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு, திரைக்கதை என அவர் எழுதியவை ஏராளம். கிரீஷ் கர்னாடின் ‘துக்ளக்’ மராத்திக்கு வந்தது அவர் வழியாகத்தான்.

அவர் எழுத வந்த காலத்தில் மராத்தி மேடை சங்கீத நாடகத்தின் பாட்டிலிருந்தும் நீண்ட அலங்கார வசனத்திலிருந்தும் முழுதாக விடுபடவில்லை. டெண்டுல்கரின் பாத்திரங்கள் வீட்டில் பேசுவதுபோல் பேசினார்கள். பாதியில் நிறுத்தினார்கள், சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதை விழுங்கினார்கள். 1955-ல் வந்த ‘கிருஹஸ்த’ தோற்றது. அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்ரீமந்த்’ அவரைக் கவனிக்க வைத்தது. சொத்துக்காகத் தகப்பனையும் உடன்பிறப்பையும் குதறும் ஒரு குடும்பத்தைப் பற்றிய ‘கிதாடே’ (கழுகுகள்), எழுதி முடித்து ஏறக்குறைய பத்தாண்டுகள் மேடையேறாமல் கிடந்தது. 1970-ல் ஸ்ரீராம் லாகு அதை இயக்கினார்.

மராத்திக்கு வெளியே அவர் பெயரைக் கொண்டுசென்றது 1967-ல் மேடையேறிய ‘சாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ (அமைதி! கோர்ட் நடக்கிறது). மும்பை ரயிலில் அவர் சந்தித்த ஓர் அமெச்சூர் குழு, போலி விசாரணை ஒன்றை நடத்திக்காட்டப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பேச்சிலிருந்து பிறந்த நாடகம் இது. கிராமத்துக்கு வந்த நடிகர்கள் பொழுது போகாமல், தங்களுள் ஒருத்தியான பள்ளி ஆசிரியை லீலா பேணாரேயைக் கூண்டில் ஏற்றி விளையாட்டாக விசாரிக்கிறார்கள். சிறிது சிறிதாக விளையாட்டு உதிர்ந்து, அவளது உண்மையான காதலும் வயிற்றில் வளரும் கருவும் விசாரணைப் பொருளாகின்றன. காரணமான பேராசிரியர் அந்த இடத்திலேயே இல்லை. தன் தரப்பைச் சொல்ல அவளுக்குப் பத்து நொடி கொடுக்கப்படுகிறது. மற்றவர்கள் சிலைபோல் உறைந்து நிற்க, அவள் நெஞ்சைத் திறந்து நீளமாகப் பேசுகிறாள். மேடையில் ஒருவர் காதிலும் அது விழுவதில்லை. கேட்பது பார்வையாளர் மட்டுமே. அரவிந்த் தேஷ்பாண்டே இயக்க, சுலபா தேஷ்பாண்டே பேணாரேயாக நடித்தார். குற்றம் சாட்டப்பட்டவரின் குரல் எங்கே போகிறது என்ற இந்தக் கேள்வி பின்னால் டெண்டுல்கரின் திரைக்கதைகளிலும் திரும்ப வரும்.

1972-ல் இரண்டு நாடகங்கள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. ஒன்று ‘சகாராம் பைண்டர்’. புத்தகம் பைண்டு செய்யும் சகாராம், புருஷன் துரத்திவிட்ட பெண்களை ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறும் துணியும் தந்து, தன் சட்டப்படி வாழவைப்பவன். கல்யாணம் என்ற வேஷம் தன்னிடம் இல்லை என்று பெருமைப்படும் அவன் வீட்டில், கல்யாணத்தில் உள்ள அத்தனை கொடுமையும் இருக்கிறது. நிலு புலே சகாராமாகவும், லாலன் சாரங் அவன் கூட்டிவரும் பெண்களில் ஒருத்தியான சம்பாவாகவும் நடித்தனர். பதின்மூன்று காட்சிகளுக்குப் பிறகு தணிக்கைத் துறை தடை விதித்தது. இயக்குநர் கமலாகர் சாரங் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய்த் தடையை விலக்கினார்.

மற்றொன்று ‘காசிராம் கோத்வால்’. 1972 டிசம்பர் 16 அன்று புணேயில் ஜப்பார் படேல் இயக்கத்தில் மேடையேறியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புணேயில் பேஷ்வாவின் அமைச்சர் நானா பட்னவீஸ் செல்வாக்கோடு இருந்த காலம். கன்னோசியிலிருந்து பிழைக்க வந்து அவமானப்பட்ட காசிராம் என்ற பிராமணன், தன் மகளையே நானாவுக்குக் கொடுத்து, நகரக் காவல் தலைவர் பதவியான கோத்வால் பதவியை வாங்குகிறான். பிறகு ஊரையே நடுங்க வைக்கிறான். மகள் இறந்துபோகிறாள். அவன் கொடுமை எல்லை மீறியதும் நானா கையெழுத்துப் போட்டு அவனைக் கும்பலிடம் ஒப்படைக்கிறார். ஏவியவர் பதவியில் இருக்க, ஏவப்பட்டவன் கல்லடிபட்டுச் சாகிறான். காசிராம் வரலாற்றிலும் உண்டு. 1791-ல் புணேக்கு வந்த தெலுங்குப் பிராமணர்களைச் சிறு அறையில் அடைத்துவைக்க, பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதற்காக அவன் கல்லெறிந்து கொல்லப்பட்டான்.

கீர்த்தனை, அபங்கம், லாவணி என்று மண்ணின் வடிவங்கள் எல்லாம் இதில் கலந்தன. வரிசையாக நிற்கும் பிராமணர்களே பாடகர் குழு. அவர்களே நகரும் சுவர், திரை, ஊர். இசை பாஸ்கர் சந்தாவர்கர்; நானாவாக நடித்தவர் மோகன் அகாஷே. நானாவை இழிவுபடுத்துகிறது, பிராமணர்களைப் பழிக்கிறது என்ற கூக்குரலால் பத்தொன்பது காட்சிகளோடு, அதை மேடையேற்றிய நாடகச் சங்கத்தின் தலைமையே அதை நிறுத்தியது. குழுவினர் விலகி, 1973-ல் ‘தியேட்டர் அகாடமி’யைத் தொடங்கி அடுத்த ஆண்டு மறுபடி நடத்தினர். 1980-ல் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோனார்கள். 1976-ல் வந்த திரைவடிவத்தைக் கூட்டாக இயக்கியவர்களில் ஒருவர், பின்னர் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்த கே. ஹரிஹரன். ஓம் பூரியின் முதல் படமும் அதுதான்.

இந்தப் பத்தாண்டில் சினிமா அவரை இழுத்துக்கொண்டது. மராத்தியில் ஜப்பார் படேலுக்காக ‘சாம்னா’, ‘சிம்மாசன்’, ‘உம்பர்டா’ ஆகியவற்றை எழுதினார். இந்தியில் ஷியாம் பெனகலுக்கு ‘நிஷாந்த்’ (1975), ‘மந்தன்’ (1976). கோவிந்த் நிஹலானிக்கு ‘ஆக்ரோஷ்’ (1980), ‘அர்த் சத்யா’ (1983). குஜராத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய ‘மந்தன்’, ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த படம். அதன் திரைக்கதைக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தி வேலையில் ஒரு விசேஷம் உண்டு. அந்தப் படங்களின் வசனம் அவருடையதல்ல. ‘நிஷாந்த்’, ‘ஆக்ரோஷ்’ இரண்டுக்கும் சத்யதேவ் துபே, ‘மந்தனு’க்குக் கைஃபி ஆஸ்மி, ‘அர்த் சத்யா’வுக்கு வசந்த் தேவ் எழுதினார்கள். மராத்திப் பேச்சின் நெளிவுசுளிவால் பெயர் பெற்றவருக்கு இங்கே அந்தப் பேச்சு கைவசம் இல்லை. சம்பவங்களின் அடுக்கும் பாத்திரங்களின் நிலையுமே எஞ்சின. அந்தக் குறை அவரைத் தளர்த்தவில்லை; இன்னும் கூர்மையாக்கியது. ‘ஆக்ரோஷி’ல் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆதிவாசி லஹான்யா பீக்கு, தனக்காக வாதாடும் வழக்கறிஞரிடம்கூட வாய் திறப்பதில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். தகப்பனின் ஈமச்சடங்குக்குக் கொண்டுவரப்படும்போது, மனைவிக்கு நேர்ந்த கதி தங்கைக்கும் நேராமலிருக்க அவளைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் அலறுகிறான். பேணாரேவுக்குப் பேச்சு இருந்தது, கேட்பாரில்லை. லஹான்யாவுக்கு அந்தப் பேச்சும் இல்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ‘ஆக்ரோஷ்’தான் அவருடைய ஆகச் சிறந்த திரைக்கதை எனத் தோன்றுகிறது.

மேடையை அவர் விடவில்லை. ஒரு பத்திரிகையாளர், பெண்கள் விற்கப்படுவதை நிரூபிக்கத் தாமே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கி எழுதிய செய்தியிலிருந்து ‘கமலா’ (1981) உருவானது. செய்திக்காக வாங்கப்பட்டவளுக்கும் அந்தப் பத்திரிகையாளனின் மனைவிக்கும் நிலையில் எவ்வளவு வித்தியாசம் என்று நாடகம் கேட்கிறது. முன்னாள் பத்திரிகைக்காரர் தன் தொழிலையே விசாரித்த நாடகம் அது. ‘கன்யாதான்’ (1983), முற்போக்கான குடும்பத்துப் பெண் ஒருத்தி தலித் கவிஞன் ஒருவனை மணந்து அடி உதைக்கு ஆளாவதைச் சொல்கிறது. தலித் தரப்பிலிருந்து கடும் கண்டனம் வந்தது. அவர்மீது செருப்பும் வீசப்பட்டது. அதே நாடகத்துக்குத்தான் 1993-ன் சரஸ்வதி சம்மான் வழங்கப்பட்டது. பத்மபூஷண் 1984-லேயே வந்திருந்தது.

இறுதியாண்டுகளில் மனைவி, மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்து இழந்தார். மகள் பிரியா டெண்டுல்கர், ‘ரஜனி’ தொலைக்காட்சித் தொடரால் நாடறிந்தவர், 2002-ல் இறந்தார். 2004-ல் நியூயார்க்கில் நடந்த டெண்டுல்கர் நாடக விழாவுக்காக அவர் முதல்முறையாக ஆங்கிலத்தில் ஒரு நாடகம் எழுதினார். ‘சகாராம் பைண்டர்’ தொடங்குவதற்கு முன் அந்த வீட்டில் இருந்த ஐந்தாம் பெண்ணைப் பற்றியது அது. 2008 மே 19 அன்று, தசைத் தளர்ச்சி நோயின் பாதிப்பால், புணேயில் காலமானார்.