டெலிபோன் பலகையிலிருந்து விமானத்துக்கு

சிறு விமானங்களின் ஹெட்செட்டில் இரண்டு பிளக் இருக்கும். தடித்தது காதுக்கு, கால் அங்குலம். மெலிந்தது மைக்குக்கு, 0.206 அங்குலம். மாற்றிச் செருகிவிடக் கூடாதென்றே அளவை வேறாக்கியிருக்கிறார்கள். நான் ரேடியோ மெக்கானிக்காக வேலை பார்த்த காலத்தில், "கரகரங்குது சார், ரேடியோவைப் பாருங்க" என்று விமானி வந்து நின்றால், முதலில் இந்தப் பிளக்குகளைத்தான் உருவிப் பார்ப்பேன். பெரும்பாலும் பித்தளை களிம்பேறிக் கறுத்திருக்கும்.

இந்தப் பிளக் விமானத்துக்காகப் பிறந்ததல்ல. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சிகாகோவின் சார்லஸ் ஸ்கிரிப்னர் போன்றவர்கள், பலகையில் துளையும் கயிற்று முனையில் பித்தளை பிளக்குமாக அழைப்புகளை இணைக்கும் வேலையைச் சீராக்கினார்கள். 1882 ஜனவரியில் சென்னைக்கும் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது.

என் பெரியம்மா வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். ஷிப்ட் முழுக்கச் செருகுவதும் உருவுவதுமாக அவர் கை ஓயாது. துளைக்குள் இருக்கும் வில்தகடு பிளக்கை உரசிக்கொண்டே உள்ளே விடும். ஒவ்வொரு செருகலும் ஒரு துடைப்பு. இந்தப் பிளக்கின் அருமையே அதுதான் என்பேன். ஓயாமல் வேலை செய்தால் தானே சுத்தமாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பிஎல்-55, பிஎல்-68 என்ற பெயர்களில் இந்த ஜோடியை விமானங்களில் வைத்தது. போர் முடிந்தது, ஜோடி மாறவில்லை. அன்றைய கார்பன் மைக்குக்கு மின்னழுத்தம் தேவைப்பட்டது. அந்த மைக் வழக்கொழிந்த பிறகும் ரேடியோக்கள் மைக் கம்பியில் அதை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பிளக்கின் பிழைப்பு மட்டும் மாறிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் நாளெல்லாம் ஆடியது, விமானத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. ஈரக் காற்றும் கைவியர்வை உப்பும் களிம்பாகப் படிய, உரசித் துடைக்க ஆளில்லை.

களிம்பைக் கண்டதும் சிலர் உப்புத்தாளை எடுக்கிறார்கள். நிக்கல் முலாம் பூசிய பிளக்கில் முலாமே போய்விடும்; அதன்பின் இன்னும் வேகமாகக் கறுக்கும். வேறு சிலர் பித்தளை பாலிஷ் போடுகிறார்கள். அதன் பொடி, வளையங்களுக்கு நடுவே உள்ள காப்புப் பள்ளத்தில் தங்கிவிடும். அந்த வகைப் பாலிஷ் பலவற்றில் அம்மோனியா உண்டு; பித்தளைக்கு அது ஆகாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்து உருவாக்கிய உலோகத்தில் எஞ்சிய இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். பிளக் தோட்டா இல்லைதான். ஆனாலும் அந்தக் கதையைப் படித்த நாள் முதல் என் மேசையில் அம்மோனியா பாலிஷுக்கு இடமில்லை.

ரேடியோவை அணைத்துவிட்டு, நூல் பிரியாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலோ காண்டாக்ட் கிளீனரோ தொட்டு, பளிச்சென்று ஆகும்வரை பொறுமையாகத் துடைத்தால் போதும். நன்றாக உலர்ந்ததும் சில தடவை செருகி உருவினால் துளையின் வில்தகடும் சுத்தமாகும். விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளே, ஹெட்செட்டை விமானத்திலேயே விட்டுப் போகிறவர்களாக இருந்தால், வாரம் ஒருமுறையாவது பிளக்கை உருவி, துடைத்துச் செருகுங்கள்.