போர்க்களங்களும் பொதிகை மலையும்

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, ஜெர்மனியில் வாழும் என் தம்பி குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பிய பின், முறுக்கும் அதிரசமும் தின்றபடி அனைவரும் அமர்ந்திருந்தோம். முந்திய கோடை விடுமுறையில் தாங்கள் காரிலேயே மேற்கொண்ட பயணத்தைப் பற்றி அவன் விரிவாகச் சொன்னான். பிரான்சு நாட்டு வெர்தன் போர்க்களத்தில் தொடங்கிய அப்பயணம், ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கடந்து, இத்தாலியில் மோந்தே கசினோ மடத்தில் முடிந்ததாம்.

1916ஆம் ஆண்டு வெர்தன் போரில் மடிந்தவர்களுள், இன்னார் என்று அறிய முடியாத ஏறத்தாழ 1,30,000 பேரின் எலும்புகள் அங்கே ஒரே நினைவில்லத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பிரெஞ்சுக்காரர் எவர், ஜெர்மானியர் எவர் என்று பிரிக்க இயலவில்லை. மோந்தே கசினோவில் புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மடம் 1944 பிப்ரவரி 15 அன்று குண்டுவீச்சில் தரைமட்டமாகியது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. அந்த மலையைச் சூழ்ந்து நடந்த போரில் இந்திய வீரர்களும் உயிர் துறந்தனர்.

இவற்றையெல்லாம் நேரில் கண்டு வந்த தம்பி மகள், பதினான்கு வயதுச் சிறுமி, என்னிடம் கேட்டாள்: “பெரியப்பா, நம்ம ஊர்ப் பக்கம் சண்டை நடந்த இடம் ஏதும் இல்லையா?”

“ஏன் இல்லை? நிறைய உண்டு” என்றேன்.

“அப்போ நாம எந்தப் பக்கம்?”

எளிய வினாதான். ஆயினும் அன்றிரவு எனக்கு விடை வரவில்லை. “அடுத்த கோடை விடுமுறைக்கு வா, காரில் அழைத்துச் சென்று காட்டுகிறேன்” என்று கூறி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். அதன் பிறகு பல மாலைப் பொழுதுகளில் நெல்லை மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்து, அந்தப் பயணத்திற்குத் திட்டம் வகுத்து வருகிறேன். அவளுக்கு வாய்க்கும் ஜூலை, ஆகஸ்டு விடுமுறை நமக்கு ஆனி, ஆடி மாதங்கள்; குற்றாலத்தில் சாரல் பொழியும் காலம். நான்கு நாள் பயணத்துக்கு இதைவிட உகந்த பருவம் கிடையாது.

முதல் நாளுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டுப் பாளையங்கோட்டைக் கோட்டையின் எஞ்சிய பகுதிகளைப் பார்ப்பதே தொடக்கம். அவற்றுள் ஒன்றை ‘மேடைப் போலீஸ் ஸ்டேஷன்’ என்றே நம் மக்கள் வழங்கி வந்தனர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறை வைக்கப்பட்டிருந்தது இந்தக் கோட்டையில்தான். 1801 பிப்ரவரி 2 அன்று அவரும் உடன் இருந்தோரும் சிறையிலிருந்து தப்பினர்.

அங்கிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் கயத்தாறு. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினி பெற்றது. அதிலிருந்து மூண்ட பூசல் 1798இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனின் முன்னிலையில் கைகலப்பாகியது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியின்மீது படையெடுப்பதில் போய் நின்றது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். 1799 அக்டோபர் 16 அன்று, ஏனைய பாளையக்காரர்களின் கண்ணெதிரே, கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். நடிகர் சிவாஜி கணேசன் நிறுவிய சிலை இன்று அங்கே நிற்கிறது.

தூக்குமரம் நோக்கி நடந்தபோது கட்டபொம்மன் காட்டிய அஞ்சாமையைத் தண்டனை விதித்த பானர்மேனே அரசுக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். தம் வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டுமே அவர் கவலை தெரிவித்தாராம். கோட்டையைக் காத்து அங்கேயே மடியாமல் போனோமே என்று வருந்தினாராம். பகைவனின் எழுதுகோலால் நமக்குக் கிடைத்த சான்று இது. திரைப்படத்தின் வீரவசனங்களை மட்டுமே கேட்டுப் பழகிய நாம், தம்பிக்காக ஏங்கிய அந்த அண்ணனையும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

கயத்தாற்றிலிருந்து வடகிழக்கே கிராமச் சாலைகளில் சென்றால் காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா ஆலயம் அமைந்த அவ்வூரைக் கத்தோலிக்க வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிச் சென்ற முன்னோரின் கதைகள் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. வீரமாமுனிவர் தமிழகத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய ஊர் இது. ஆனால் நாம் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. காமநாயக்கன்பட்டி எட்டயபுரம் பாளையத்துக்குள் இருந்த ஊர். இவ்வாலயத்துக்குப் பாதுகாப்பு அளித்தவர்கள் எட்டயபுரம் அரசர்கள்.

இங்கேதான் சிறுமியின் வினா கூர்மையடைகிறது. ‘எட்டப்பன்’ என்ற பெயர் தமிழில் காட்டிக்கொடுப்பவனைச் சுட்டும் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றதும், பின்னர் பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பங்கைப் பெற்றதும் உண்மை. அதே எட்டயபுரத்தார் நிழலில்தான் நம் முன்னோர் செபமாலை சொன்னார்கள். 1882இல் பாரதியார் பிறந்ததும் அதே எட்டயபுரத்தில்தான். ஒரு மண்ணை முழுவதும் வெள்ளையாகவோ முழுவதும் கறுப்பாகவோ தீட்டிவிட வரலாறு நமக்கு இடங்கொடுப்பதில்லை.

இரண்டாம் நாள் முழுவதையும் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் வேண்டும். இன்று அங்கே காணும் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கட்டடம். பழைய கோட்டை மண்ணால் ஆனது. 1799க்குப் பின் இடிக்கப்பட்ட அந்தக் கோட்டையை, சிறை மீண்ட ஊமைத்துரையின் மக்கள் சில நாள்களிலேயே எழுப்பிவிட்டனர். 1801 மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலைப் பேரிழப்போடு கைவிட்டுக் கும்பினிப் படை பின்வாங்கியது. மேலும் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னரே, கர்னல் அக்னியூ தலைமையில், மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

அந்தப் போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தம் இராணுவ நினைவுகளை 1830இல் நூலாக வெளியிட்டார். கோட்டை வீழ்ந்த பின் நடந்ததாக அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று நான் பல முறை படித்தும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

வெளியேறிய வீரர்கள் துரத்தி வெட்டப்பட்டனர். உடலெங்கும் காயங்களோடு ஊமைத்துரையும் பிணங்களுக்கிடையே கிடந்தார். அண்டைச் சிற்றூரிலிருந்து பெண்கள் தங்கள் மக்களின் உடல்களைத் தேடி வந்தனர். அவர்களுள் ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். அவனுக்கு உயிர் இருந்தது. தூக்க முனைந்தவளிடம் அவன், தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் தலைவரைக் காப்பாற்றுமாறு வேண்டினான். அந்தத் தாய் மகனின் சொல்லை ஏற்றாள். பெண்கள் ஊமைத்துரையைச் சுமந்து வீடு சேர்த்தனர். எட்டயபுரத்தார் தேடிக்கொண்டு வந்தபோது, அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தனர். வைசூரியால் இறந்த பிள்ளை என்று சொல்லக் கேட்டு, வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர்.

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையை நினையாமல் இந்நிகழ்ச்சியை என்னால் படிக்க முடிந்ததில்லை. அவள் காத்த உயிரும் நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஊமைத்துரை பிடிபட்டுப் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் அவளுடைய செயல் வீணானது என்று எவரால் சொல்ல முடியும்?

நினைவுக் கோட்டையைப் பார்ப்பவர்களில் பலர் அருகிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைகளை எட்டிப் பார்ப்பதில்லை. என் திட்டத்தில் அதற்கும் ஒரு மணி நேரம் உண்டு. முள்ளும் புழுதியுமான இந்தக் கரிசல் காட்டில் மடிந்த அந்த இளைஞர்களுக்கும் கடல் கடந்த ஊரில் தாய்மார் இருந்தனர். கும்பினிச் சீருடை அணிந்து அவர்களோடு விழுந்த நம் நாட்டுச் சிப்பாய்களுக்கோ, பெயர் பொறித்த கல் ஒன்றையும் நான் அங்கே கண்டதில்லை.

மூன்றாம் நாள் கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாக மேற்கே நெற்கட்டும்செவல். பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு தலைமுறை முன்னரே, 1755இல், கர்னல் ஹெரான் படைகளுக்குப் பணியாமல் நின்ற பூலித்தேவரின் ஊர் இது. 1761இல் இக்கோட்டையைக் கைப்பற்றியவர் கும்பினியின் படைத்தலைவராக இருந்த யூசுப்கான். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1764 அக்டோபர் 15 அன்று, அதே யூசுப்கானைக் கலகக்காரர் என்று கூறி மதுரையில் தூக்கிலிட்டார்கள். இவர் எந்தப் பக்கம்? அருகிலுள்ள வாசுதேவநல்லூர் மண்கோட்டையை 1767இல் கர்னல் காம்பெல் தாக்கினார். உள்ளே இருந்தவர்கள் காட்டிய உறுதி அவரையே வியக்க வைத்தது.

அங்கிருந்து தென்காசி வழியாகச் சென்றால், மாலைக்குள் குற்றாலம். இரண்டு நாள் புழுதி கண்ட பிள்ளைகள் அருவியில் நனையட்டும். நான்காம் நாள் பாபநாசம். மேலணைப் பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், வனத்துறைச் சோதனைச் சாவடியின் நேர விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து புறப்படுவது நல்லது. பொதிகையின் பசுமை ஆல்ப்ஸ் மலையின் பனிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்தான், வந்து பார்க்கட்டும்.

போர்க்களங்களைக் கண்ட பின் மலைக்குச் செல்வது, துயரத்தை மறப்பதற்காக அன்று. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. குற்றாலத்துச் சிற்றாறும் சீவலப்பேரியில் அதனோடு சேர்ந்துகொள்கிறது. கும்பினிக் கோட்டை இருந்த பாளையங்கோட்டைக்கு அருகேயும் அதே ஆறுதான் ஓடியது. சிறை வைத்தவனும் சிறைப்பட்டவனும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருப்பார்கள்.

பாபநாசம் படித்துறையில் அமர்ந்து அந்தச் சிறுமிக்கு என்ன சொல்வது என்பது இப்போது எனக்கு ஓரளவு தெளிவாகியிருக்கிறது. நம் முன்னோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. கோட்டைக்குள் நின்றவர்களும் நம் மக்களே; கோட்டையைச் சூழ்ந்த சிப்பாய்களும் நம் மக்களே; துரத்தி வந்த எட்டயபுரத்தாரும் நம் மக்களே. அநீதியை எதிர்த்தவர்களைப் போற்றுவது நம் கடமை. அதைச் செய்துகொண்டே, வீழ்ந்தவர் அனைவருக்காகவும் கண்ணீர் விடவும் நாம் கற்க வேண்டும். “மகளே, முன்னோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது நம் கையில் இல்லை. நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்பது உன் கையில் இருக்கிறது. பிணங்களுக்கிடையே உயிரைத் தேடிப் போனாளே, அந்தத் தாயின் பக்கம் நில்” என்பேன்.

விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று எண்ணும் பெற்றோர், இந்த வழியையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். போகும்போது பாஞ்சாலங்குறிச்சியில் இரண்டு மெழுகுதிரிகள் ஏற்றுங்கள்: ஒன்று கோட்டையில், மற்றொன்று கல்லறையில்.