அரியோஷியின் வாசகிகள்

சாப்பிட்டுக் கை கழுவிப் பத்து நிமிசம் ஆகியிருக்காது, அம்மம்மா படலையடியில் நிண்டு ரோட்டால போற ஆக்களிட்டச் சொல்லுவா: "எனக்கு இண்டைக்குச் சோறே தரேல்ல." அம்மா குசினிக்குள்ள நிண்டு அழுவா. அம்மம்மா மறந்துபோனதை அம்மா தாங்கிக்கொண்டா. சனம் என்ன நினைக்கும் என்பதைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

அந்த வருசம்தான் கம்பஸ் நூலகத்தில் ஒரு ஜப்பானிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்கு வந்தது. அதிலும் ஒரு முதியவர் எவ்வளவு போட்டாலும் பசி தீராமல் சாப்பிடுகிறார். நாவலை எழுதியவர் அரியோஷி சவாகோ. 1972இல் வெளிவந்த நூல். ஜப்பானியத் தலைப்பு 'கோகொட்சு நோ ஹிதோ'. 'கோகொட்சு' எண்டால் பரவசத்தில் தன்னை மறந்த நிலை. மறதி நோயைச் சொல்ல அப்போது சாதாரண சனத்திடம் மரியாதையான சொல் இருக்கவில்லை. அரியோஷி ஒரு பழைய வரலாற்று நூலில் இருந்து இந்தச் சொல்லை எடுத்தார்.

கதை பெரிசாக ஒன்றுமில்லை. அகிகோ சட்ட அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை செய்கிறாள். கணவன் கம்பனி உத்தியோகத்தன், மகன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கிறான். மாமியார் திடீரெனச் செத்துப்போக, மாமனார் ஷிகெசோவின் நிலை வெளியே தெரியவருகிறது. சொந்த மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காலமெல்லாம் குத்திக் குத்திக் கதைத்த மருமகளைத்தான் தெரிகிறது. மகன்காரன் தகப்பனைப் பார்த்து, நாளைக்கு நானும் இப்பிடித்தானோ எண்டு பயப்படுகிறான், ஆனால் ஒருநாளும் கழுவித் துடைக்க வருவதில்லை. பேரன் ஒருநாள் தாய் தகப்பனிடம், நீங்கள் இவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற மாதிரிச் சொல்லிவிடுகிறான். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இந்த நாவல் பத்து லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. 1973இல் படமாகவும் வந்தது, அகிகோவாக தகாமினே ஹிதெகோ, மாமனாராக மொரிஷிகே ஹிசயா. 'கோகொட்சு நோ ஹிதோ' என்பது அன்றாடப் பேச்சில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது, சில வேளை பரிகாசமாகவும்தான். மரியாதைக்காகத் தேடியெடுத்த சொல்லே நக்கலாகப் போனது கொஞ்சம் கவலையான விசயம். புத்தக வருமானத்தை முதியோர் இல்லங்களுக்குக் கொடுக்க அரியோஷி முயன்றபோது வரிச்சட்டம் குறுக்கே நின்றது, அதுவும் செய்தியானது.

ஏன் இவ்வளவு வரவேற்பு? 1970இல் ஜப்பான் சனத்தொகையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 7 வீதத்தைத் தாண்டியிருந்தார்கள். நகரங்களில் வீடுகள் சிறியவை, பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள், முதியோரைப் பராமரிக்கும் இடங்களோ மிகக் குறைவு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததைத்தான் அரியோஷி அச்சில் போட்டார். நாவலில் அகிகோ முதியோர் நலன் அதிகாரியிடம் உதவி கேட்கிறாள். வீட்டிலே வைத்துப் பார்க்கத்தான் வேண்டும் என்பதே கடைசியில் கிடைக்கும் பதில். அந்தப் பதிலைக் கேட்டுப் பழகியவர்கள்தான் இந்தப் புத்தகத்தின் வாசகிகள்.

நாவல்தான் சட்டத்தை மாற்றியது எண்டு எழுதினால் வாசிக்க நல்லா இருக்கும். உண்மை அப்பிடியில்லை. 70 வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச மருத்துவம் 1973 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கான சட்டத்திருத்தம் புத்தகம் வந்த காலத்திலேயே நிறைவேறிவிட்டது. நாவல் செய்தது வேறொன்று: வைத்தியச் செலவுக்கு அப்பால், பராமரிக்கிற ஆளின் உழைப்பு என்று ஒன்று இருப்பதை ஊரறியக் கதைக்க வைத்தது.

ஆனால் அதே நாவலை எதிர்ப்பக்கமாகவும் வாசிக்கலாம். கடைசியில் அகிகோ ஏறக்குறைய ஒரு தியாகியாகிவிடுகிறாள், மாமனார் மீது பாசமும் வருகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அரசுக்கும் இப்படியான மருமகள்கள்தான் தேவைப்பட்டார்கள். 1978இல் அரசின் நலன்புரி வெள்ளை அறிக்கை, மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் குடும்பத்தை நலன்புரித் துறையின் மறைவான சொத்து என வர்ணித்தது. சொத்து என்றால் யாருடைய கையும் காலும்? 1983இல் இலவச மருத்துவமும் நிறுத்தப்பட்டது. மறுபக்கம், 1980இல் கியோத்தோவில் மறதி நோயாளரின் குடும்பங்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கின. அரியோஷியின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு முந்தைய முந்நூறு பக்கங்களையும் யாராலும் திரும்ப மறைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

சாப்பாட்டுக் கதையும் அவரிடம் இருக்கிறது. 1974 ஒக்டோபரில் இருந்து 'அசாஹி' பத்திரிகையில் 'ஃபுகுகோ ஒசென்' தொடராக வந்தது. கூட்டு மாசு என்று சொல்லலாம். பூச்சிமருந்து, செயற்கை உரம், உணவில் சேர்க்கும் இரசாயனம் எல்லாம் ஒன்றுசேர்ந்து உடம்புக்குள் போவதைப் பற்றியது. நாவல் எண்டு சொல்லலாமோ தெரியேல்ல, தேர்தல் பிரசாரத்தில் தொடங்கி வயல்வெளிக்குள் போய்விடுகிறது. 1955இல் ஆர்சனிக் கலந்த பால்மாவால் குழந்தைகள் செத்த நாடு அது. மினமாட்டாவைச் சொல்லத் தேவையில்லை. தாய்மார் இந்தத் தொடரைக் கதையாக வாசிக்கவில்லை, நாளைக்கு என்ன சமைக்கிறது என்ற கேள்வியாக வாசித்தார்கள். அப்போதுதான் துளிர்விட்டிருந்த 'தெய்கெய்' முறைக்கு இது உரமானது. பல வீடுகள் குழுவாகச் சேர்ந்து ஒரு விவசாயியிடம் நேரடியாக மரக்கறி வாங்கும், அந்தக் கிழமை தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதை ஏற்றுக்கொள்ளும், களை பிடுங்கவும் போகும். நல்ல விசயம்தான். ஆனால் மரக்கறியைப் பங்கு பிரிக்கவும் களை பிடுங்கவும் போனவர்களில் பெரும்பாலானோர் அதே வீட்டுப் பெண்கள்.

2000 ஏப்ரலில் ஜப்பானில் பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. 40 வயதில் இருந்து எல்லோரும் பணம் கட்ட வேண்டும், வீட்டில் மருமகள் இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வியில்லாமல் சேவை கிடைக்கும். அதற்கு முதல் வருசம்கூட ஆளும் கூட்டணியில் ஒரு பெரிய புள்ளி, பிள்ளைகள் பெற்றோரைப் பார்க்கும் நல்ல வழக்கம் கெட்டுவிடும் என்று எதிர்த்தார். அந்த வழக்கத்தைச் செய்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. அரியோஷி இதையெல்லாம் பார்க்கவில்லை, 1984இல் 53 வயதில் இறந்துவிட்டார்.

அம்மாவுக்கு இந்த நாவலின் கதையை இரவு ரொட்டி சுடேக்க சொன்னேன். மாமனார் பனிக்குள் ஓடுகிற இடத்தில் சிரித்தா. தின்று தின்று பசி தீராத இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா:

"அந்தப் பிள்ளை கடைசியில வேலையை விட்டவளோ?"

"முழுசா விடேல்ல அம்மா."

"அப்ப அவள் வேலைக்குப் போன நேரம் ஆர் பாத்தது?"