நுண்கணிதம் வந்த வழி

கல்லூரியில் கணிதம் பயிலச் சேரும் மாணவர் பலரை முதல் மாதத்திலேயே அச்சுறுத்துவது நுண்கணிதம். பள்ளியில் அதனோடு ஓரளவு பழக்கம் ஏற்பட்டிருந்தாலும், கல்லூரி வகுப்பில் அது வேறு முகத்தோடு வந்து நிற்கிறது. 'மிக மிகச் சிறிய அளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்' என்கிறார் ஆசிரியர். அந்தச் சிறிய அளவு கரும்பலகையின் ஒரு வரியில் இருக்கிறது. அடுத்த வரியில் மறைந்துவிடுகிறது. இருந்தது எங்கே போயிற்று என்று கேட்க நினைத்த மாணவர், கேட்கக் கூச்சப்பட்டுச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கல்லூரிக்கு வருகிறவர்களுள், தாயும் தந்தையும் பனியன் தொழிலில் உழைத்துப் படிக்கவைக்கும் பிள்ளைகள் உண்டு. நுண்கணிதம் என்ற சொல் அவ்வீட்டுக்குள் அந்தப் பிள்ளையின் புத்தகத்தோடுதான் நுழைகிறது. நியூட்டன் என்ற ஆங்கிலேயரும் லைப்னிட்சு என்ற ஜெர்மானியரும் கண்டுபிடித்த கலை இது; கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது; நமக்கும் இதற்கும் பரம்பரைத் தொடர்பு ஒன்றும் இல்லை என்றே அம்மாணவர் எண்ணிக்கொள்கிறார். இந்த எண்ணம் முழுதும் தவறன்று. ஆனால் முழுதும் சரியும் அன்று.

திருப்பூர் வழியாகச் செல்லும் இருப்புப் பாதை, 1862-ஆம் ஆண்டில் சென்னையையும் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரையும் இணைத்தது. அப்பாதையில் திருப்பூருக்குக் கிழக்கே சிறிது தொலைவில் இருப்பது ஈரோடு. கணித மேதை இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பிறந்த ஊர் அது. மேற்கே சென்றால் வண்டி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, பாரதப்புழை என்னும் நிளா ஆற்றை ஒட்டி ஓடித் திரூரை அடைகிறது. திரூரை அடுத்த திருக்கண்டியூரில் 1444-இல் நீலகண்ட சோமயாஜி பிறந்தார். நாம் பேசப்போகிற கணிதர்கள் பலரும் வாழ்ந்தது அந்த நிளா ஆற்றங்கரையில்தான். அவ்வாற்றுக்கு நீர் தரும் கிளைகளுள் ஒன்று, உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி மலையில், இன்றைய திருப்பூர் மாவட்டத்திலேயே தோன்றுகிறது.

அவர்கள் செய்தது என்ன என்று அறிவதற்கு முன், நுண்கணிதம் செய்யும் வேலையைத் திருப்பூர்ப் பொருள் ஒன்றைக் கொண்டே பார்ப்போம். பின்னல் துணியைச் சுருளாகச் சுற்றி அடுக்கியிருப்பதை அங்கே காணாதவர் இலர். சுருளைப் பிரிக்காமல் அதில் எவ்வளவு துணி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? சுருளின் ஆரம் 20 சென்டிமீட்டர், துணியின் கனம் 1 மில்லிமீட்டர், நடுவில் குழல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். துணி 200 சுற்றுகள் சுற்றியிருக்கும். உட்சுற்று மிகச் சிறியது. அதற்கடுத்த சுற்று அதைப்போல் இரு மடங்கு; அடுத்தது மூன்று மடங்கு. ஆகவே 1 முதல் 200 வரையுள்ள எண்களைக் கூட்டி, வந்த 20,100-ஐ முதற்சுற்றின் நீளத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். அது 126.3 மீட்டர்.

வேறொரு வழியும் உண்டு. சுருளின் வட்டமான முகத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அதைத் துணியின் கனத்தால் வகுத்துவிடலாம். இவ்வழியில் வருவது 125.7 மீட்டர். இரண்டு விடைகளுக்கும் இடையே அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது. துணியின் கனம் பாதியானால் நீளம் 251 மீட்டரைத் தாண்டுகிறது; வேறுபாடு மட்டும் அதே அரை மீட்டரும் சொச்சமுமாகவே நிற்கிறது. துணி மெலிய மெலிய நீளம் பெருகிக்கொண்டே போகும். அந்நீளத்தோடு ஒப்பிட, நின்றுவிட்ட வேறுபாடு ஒரு பொருட்டாகாமற் போகும்.

இதை வெறும் எண்களிலும் காணலாம். 1 முதல் 10 வரை கூட்டினால் 55. பத்தின் வர்க்கத்தில் பாதி 50. மிகை பத்தில் ஒரு பங்கு. 1 முதல் 100 வரை கூட்டினால் 5,050. வர்க்கத்தில் பாதி 5,000. மிகை நூறில் ஒரு பங்கு. ஆயிரம் வரை கூட்டினால் மிகை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கூட்டலுக்கு நிளாக் கரையினர் மூலசங்கலிதம் என்று பெயரிட்டிருந்தனர். எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் அது வர்க்கசங்கலிதம். அது கனத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பதையும் அவர்கள் காரணத்தோடு அறிந்திருந்தனர். இன்று முதலாண்டு வகுப்பில் தொகைநுண்கணிதத்தின் முதற்பாடமாக மாணவர் எழுதுகிற விடைகள் இவையே.

இவர்களுக்கெல்லாம் முதல்வர் சங்கமக் கிராமத்து மாதவன். ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவர். சங்கமக் கிராமம் என்பது இன்றைய இரிஞ்ஞாலக்குடை என்று அறிஞர் பலர் கருதுவர். அவருடைய தலைசிறந்த கணித முடிவுகள், பின்வந்தோர் அவர் பெயரைச் சொல்லி எடுத்துக்காட்டியவற்றாலேயே நமக்குக் கிட்டியிருக்கின்றன. அவர் வழியில் வந்த பரமேசுவரன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களைத் தாமே நோக்கிக் குறித்து, பழைய கணிப்பு வானத்தோடு பொருந்தாமை கண்டு, 1431-இல் 'திருக்கணிதம்' என்னும் புதிய முறையை வகுத்தார். இங்கேதான் அவர்களுடைய கணிதத்தின் தேவை விளங்குகிறது. கோள்நிலையைக் கணிக்க வட்டமும் வில்லும் நாணும் வேண்டும். ஆரியபட்டர் 499-இல் தந்த நாண் அட்டவணையில் 24 மதிப்புகளே உண்டு. கணிப்பிலுள்ள சிறு பிழையும் ஆண்டுகள் செல்லச் செல்ல வளர்ந்து, கிரகணம் சொன்ன நேரத்தில் வராமற் செய்துவிடும்.

மாதவன் கண்ட வழி இது. விட்டத்தின் நான்கு மடங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஏழில் ஒரு பங்கைக் கழித்து, இவ்வாறே ஒற்றை எண்களைக் கொண்டு முடிவின்றிச் சென்றால் வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும். வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, சதுரத்தின் பக்கத்தைச் சமமான சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரான வில்லின் அளவைக் கண்டு கூட்டியதால் வந்த முடிவு இது. அக்கூட்டலின்போதுதான் மேலே சொன்ன சங்கலிதங்கள் வந்து உதவுகின்றன.

ஆயினும் இத்தொடர் நத்தைபோல் ஊர்வது. விட்டத்தை 1 என்று கொண்டு பத்து உறுப்புகள் வரை சென்றால் 3.0418 என்னும் விடையே வரும். பள்ளி மாணவர் எழுதும் 22/7 கூட இதைவிட நல்லது! நிளாக் கரையினர் இதை அறியாதவர் அல்லர். எந்த உறுப்பில் நிறுத்துகிறோமோ அங்கே சேர்க்கவேண்டிய திருத்தம் ஒன்றையும் அவர்கள் வகுத்தனர். அத்திருத்தத்தை அதே பத்து உறுப்புகளோடு சேர்த்தால் விடை 3.14159 என்று மாறிவிடுகிறது. என் கருத்தில், தொடரைக் கண்டதைவிட இத்திருத்தத்தைக் கண்டதே அரிய செயல். விட்டுவிட்ட பகுதி எவ்வளவு என்று கேட்பவனே கணிதன். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாக மாதவன் பெயரால் வழங்கும் மதிப்பு 11 தசம இடங்கள் வரை சரியானது.

நீலகண்டர் 1500-ஐ ஒட்டி இயற்றிய 'தந்திரசங்கிரகம்' வடமொழிச் செய்யுளில் அமைந்தது. ஏறத்தாழ 1530-இல் ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷை' என்ற நூலை எழுதினார். அதை அவர் மலையாள உரைநடையில் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துக் கணித நூல்களில் விதி செய்யுளில் இருக்கும். காரணம் ஆசிரியரின் வாயில் இருக்கும். ஆசிரியர் சொல்லாவிட்டால் காரணம் அவரோடு போகும். யுக்திபாஷையோ காரணங்களையே பொருளாகக் கொண்டது. கோட்டை எங்கே வரைவது, ஏன் வரைவது, துண்டுகளை ஏன் அணு அளவு சிறியவையாகக் கொள்வது என்று ஆசிரியர் எதிரே அமர்ந்திருக்கும் மாணாக்கனுக்கு விளக்குவதுபோல் அது செல்கிறது. நுண்கணிதக் கருத்துக்களைத் தாய்மொழியில் விளக்குவது இயலாது என்று இந்நாளிலும் சொல்வோர் உண்டு. தமிழுக்கு உடன்பிறந்த மொழியொன்றில் அது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் பெருமிதம் நம்மை வழிதவறச் செய்துவிடக் கூடாது. நிளாக் கரையினர் வட்டத்தையும் அதன் நாண்களையும் பற்றியே இவ்வாறு ஆராய்ந்தனர். எந்த வளைகோட்டுக்கும் பொருந்தும் பொதுமுறையை அவர்கள் வகுக்கவில்லை. வளைகோட்டின் சாய்வைக் காண்பதும் பரப்பைக் காண்பதும் ஒன்றுக்கொன்று எதிரான செயல்கள் என்ற பொது உண்மையை நிலைநாட்டி, அதை ஒரு கலையாக்கிய புகழ் நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்குமே உரியது. நியூட்டன் அதை 1665, 1666 ஆகிய ஆண்டுகளில் கண்டார். லைப்னிட்சு தம் முறையை 1684-இல் வெளியிட்டார். மாதவனின் வட்டத் தொடரையும் ஐரோப்பியர் 1670-களில் தாமே அடைந்தனர். கேரளத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக அது அங்கே சென்றது என்பாரும் உண்டு. அதை மெய்ப்பிக்கும் ஆவணம் எதுவும் இதுவரை காட்டப்படவில்லை.

ஐரோப்பியரும் தாம் கண்டதை உடனே தெளிவாக உணர்ந்துவிடவில்லை. ஒரு வரியில் இருந்த சிறிய அளவு அடுத்த வரியில் எங்கே போயிற்று என்று நம் மாணவர் கேட்கக் கூச்சப்பட்டார் அல்லவா? அதே கேள்வியை 1734-இல் பார்க்ளி என்ற பாதிரியார் ஒரு நூலாகவே எழுதி, நியூட்டன் வழியினரைத் திணற அடித்தார். 'எல்லை' என்னும் கருத்தை அடிப்படையாக்கிப் பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-இல் பாடநூல் வெளியிட்ட பின்னரே நிறைவான விடை உருவாகத் தொடங்கியது. பேரறிஞர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்த ஐயம், பதினெட்டு வயது மாணவருக்கு ஒரு வாரத்தில் தீராமலிருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிளாக் கரைக் கணிதம் கணவாயைக் கடந்து நம் பள்ளிகளுக்கு ஏன் வரவில்லை? அது சில இல்லங்களுக்குள் குருவிடமிருந்து சீடனுக்கு ஓலைச்சுவடியில் சென்ற கல்வி. யுக்திபாஷை எளிய மொழியில் இருந்தும், அதைத் தொட்டுப் படிக்கும் வாய்ப்பு மிகச் சிலருக்கே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக மலையாளக் கரையில் பணியாற்றிய சார்லஸ் விஷ் என்பார் இச்சுவடிகளைத் தேடிப் பெற்றார். தந்திரசங்கிரகம், யுக்திபாஷை முதலிய நான்கு நூல்களைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை, இலண்டன் அறிஞர் சங்க வெளியீடு ஒன்றில் 1834-இல் வந்தது. அதை அச்சில் காணும் முன்பே அவர் இறந்துவிட்டார். நூறாண்டுக் காலம் அக்கட்டுரையைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே. 1940-களில் சென்னைக் கணிதப் பேராசிரியர் சி. டி. இராஜகோபால், முகுந்த மாரார் முதலியோரோடு சேர்ந்து அதை மீண்டும் ஆராய்ந்து எழுதினார். யுக்திபாஷையின் கணிதப் பகுதி 1948-இல் திருச்சூரில் அச்சேறியது.

இதற்கிடையில், 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நுண்கணிதம் ஆங்கில நூல்களோடு நம் கல்லூரிகளுக்கு வந்துவிட்டது. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் அதை ஓர் ஆங்கில நூலிலிருந்தே கற்றார். 1903-இல் அவர் கைக்குக் கிட்டிய கார் என்பவரின் நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை அடுக்கித் தருவது. நிறுவல்களை அது பெரும்பாலும் சுருக்கமாகத் தொட்டுவிட்டுச் செல்லும். யுக்திபாஷைக்கு நேர் எதிரான நூல் அது. காரணங்களை இராமானுஜன் தாமே தேடிக்கொண்டார். ஆனால் கல்லூரித் தேர்வுகளில் தேறவில்லை. அவர் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் வட்டத்தின் விகிதத்தைத் தரும் தொடர் ஒன்று, ஓர் உறுப்புக்கு ஏறத்தாழ எட்டுத் தசம இடங்கள் வீதம் பாய்ந்து செல்கிறது. மாதவனின் தொடர் நினைவிருக்கிறதா? இருப்புப் பாதையின் இரு பக்கத்தவரும் ஆராய்ந்தது ஒரே வட்டத்தைத்தான். ஆயினும் இடையிலிருந்த ஐந்நூறு ஆண்டுகளில் ஒருவர் சொல் மற்றவரை எட்டியதாகத் தெரியவில்லை.

கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நடத்தும் முயற்சி 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களோடு தொடங்கியது. பின்னர் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் தமிழில் பாடநூல்கள் எழுதப்பட்டன. அவற்றை எழுதியவர்களுக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. சிற்றளவுகளுக்குப் பெயரிடுவதில் தமிழ் பின்தங்கியதன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் 320-இல் ஒரு பங்கை முந்திரி என்றும், முந்திரியில் 320-இல் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றும் மனப்பாடம் செய்தார்கள். அதற்கும் கீழே கிடந்த இம்மி இன்றும் பேச்சில் வழங்குகிறது. ஆனால் இவையெல்லாம் நிலையான அளவுகள். ஓயாமல் குறைந்துகொண்டே போகும் அளவைச் சொல்ல அவை போதா. ஆகவே 'எல்லை' என்ற சொல்லைப் புதிய பொருளில் வழங்கினார்கள். ஊரின் எல்லையை நாம் அடையலாம், கடக்கவும் செய்யலாம். கணித எல்லையை நெருங்கிக்கொண்டே இருக்கலாம், அடைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் நிதானமாக விளக்கிவிட்டால் பாதி அச்சம் நீங்கும்.

சிறு துண்டுகளையெல்லாம் சேர்த்து முழுமை காண்பதற்கு அவர்கள் தேடி எடுத்த சொல் 'தொகை'. அதற்கு மட்டும் திருப்பூர் மாணவருக்கு விளக்கம் தேவையில்லை. சனிக்கிழமை மாலையில் வாரக் கூலி கொடுக்கும்போது, கணக்கர் பேரேட்டின் அடியில் எழுதும் சொல் அது.