ஒன்பதால் வகுபடும் பிழை

கெடாவின் ஜெராய் மலைக்குத் தென்கிழக்கே, சுங்கைப் பட்டாணியை விட்டு உள்நாட்டுப் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில், இன்று செம்பனை ஓலைகள் நிழல் விரிக்கும் பூமியில் ஒரு காலத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் வரிசை பிசகாமல் நின்றன என்பதும், அவ்வரிசைகளினூடே பொழுது புலருமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் ஜனங்களே என்பதும் யாவரும் அறிந்த சரித்திரம். ஆனால் அத்தோட்டங்களில் மரத்தையும் மனிதரையும் போலவே அன்றாடம் தீனி கேட்டு உயிர்வாழ்ந்த மூன்றாவது வஸ்து ஒன்று உண்டு; அதுதான் கணக்கு. அந்தக் கணக்கு பிசகியபோது யாரிடம் வாய் திறந்தது, யாரிடம் வாய் திறக்க மறுத்தது என்பதைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். இந்த எண்ணத்தை எனக்கு உண்டாக்கியது, சென்ற மாதம் என் தங்கை மகனுடைய கணினித் திரையில் தோன்றிய ஒரு வாக்கியம். “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்” என்பது அதன் தாத்பரியம். அதன் கீழே, எழுத்தும் எண்ணுமாக 32 குறிகள் கொண்ட ஓர் அடையாளத் தொடர். அவ்வளவுதான்.

என் தகப்பனார் அவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் இரண்டாவது கிராணியாராக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, உத்தியோகம் பார்த்தவர். மலாயாத் தோட்டங்களில் கிராணி வேலை பெரும்பாலும் மலையாளிகளிடமும் யாழ்ப்பாணத்தாரிடமும் இருந்தது. காரணம் அவர்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்ததே. செக்ரோல் என்னும் அந்தப் பெரிய பேரேடு இங்கிலீஷில் எழுதப்பட்டது. அதில் பெயர் எழுதப்பட்டவர்களோ தமிழ் மாத்திரம் அறிந்தவர்கள், அல்லது அதையும் எழுத்துக்கூட்டி வாசிக்க அறியாதவர்கள். ஆகவே மாதக் கடைசியில் கூலி குறைந்திருந்தால், குறைந்த விஷயம் மாத்திரம் தெரியும். குறைந்ததன் காரணம் துரையின் ஆபீசு மேஜைமேல், வேறொரு பாஷையில், மூடிய அட்டைக்குள் இருக்கும்.

கெடா ராஜ்யம் 1909இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் மேலாதிக்கத்துக்கு மாறிய காலமும், ரப்பர் விலை விண்ணைத் தொட்ட காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்டுத் தொழிலாளருடைய கப்பற்செலவைத் தோட்ட முதலாளிமார் கூட்டாக ஏற்றதும், 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ரத்தாகிக் கங்காணி வழியே ஆள் சேர்ப்பது ஓங்கியதும், அம்முறையும் 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையோடு ஓய்ந்ததும் பலர் எழுதிய கதை. அதை மறுபடி விவரிப்பது இங்கு அவசியமில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கப்பல்களிலிருந்து இறங்கிய ஜனங்களைக் காகிதத்தில் ஏற்றிய விதம்.

விடியுமுன் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தம் சிறு புத்தகத்தில் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி கிராணியின் செக்ரோலில் ஒரு பேராகும். பாதி வேலையில் திரும்பியவனுக்கு அரைப்பேர். செக்ரோலின் கூட்டுத்தொகை மாத அறிக்கையாகி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஏஜென்சி கம்பெனிக்குப் போய், அங்கே பல தோட்டங்களின் தொகையோடு கலந்து, முடிவில் லண்டனில் ஒரு மேஜைமேல் ஒற்றை வரியாக விழும். 1922 நவம்பரிலிருந்து 1928 நவம்பர் வரை நடந்த ஸ்டீவென்ஸன் கட்டுப்பாடும், 1934இல் ஏற்பட்ட சர்வதேச ரப்பர் ஒப்பந்தமும் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் அளவு விதித்தபோது, இந்த அறிக்கைகளின் கனம் இன்னும் கூடிற்று. பிரட்டுக் களத்தில் விழுந்த ஒரு புள்ளிக்கும் லண்டன் வரிக்கும் இடையே எத்தனை கைகள்! எந்தக் கையில் பிசகு நேர்ந்ததென்று கண்டுபிடிப்பதே கிராணியின் உண்மையான தொழில் என்று தகப்பனார் சொல்வார். எழுதுவதை எவனும் எழுதுவான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

பால் கொட்டாயில் நடந்த நிறுவை இன்னும் சூக்ஷ்மமான விஷயம். வாளியிலுள்ள பாலின் எடைக்குக் கூலி இல்லை. அதிலுள்ள காய்ந்த ரப்பருக்கே கூலி. அதை அளக்க மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி வைத்திருந்தார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகையால் தண்ணீர் கலந்த பாலில் மிதவை உயர்ந்து நிற்கும், கெட்டியான பாலில் அமிழும். ஆனால் கெட்டிப் பாலில் கருவி சரியாக ஓடாது என்பதற்காக, ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, கண்ட அளவை மூன்றால் பெருக்குவது வழக்கம். பெருக்கும்போது அளவு மாத்திரமா பெருகும்? நுரையை முழுக்க வழித்தெடுக்காமல் கண்ணை ஓட்டியவனுடைய தவறும் மும்மடங்காகும். வரிசையில் நிற்கும் பெண் கேட்பாள்: “என்னங்கய்யா, நேத்து மாதிரிதானே மரமெல்லாம் பால் விட்டுச்சு?” கொட்டாய்க்காரன் கருவியைக் காட்டுவான். கருவி ஒரு கோட்டைக் காட்டும். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. காரணம் கூறாமல் தீர்ப்பு மாத்திரம் கூறும் யந்திரத்தை நம் ஜனங்கள் முதலில் சந்தித்த இடம் அதுவாகவே இருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இந்தத் தீர்ப்புகளை விசாரிக்க ஓர் ஏற்பாடும் இருந்தது. 1922ஆம் வருஷத்து இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி மலாயாவில் அமர்த்தப்பட்ட இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு, தோட்டங்களுக்குப் போய்க் கூலியையும் லயங்களையும் பார்வையிட்டு வருஷந்தோறும் அறிக்கை எழுதினார். அவர் பார்ப்பதும் செக்ரோலைத்தான். 1942க்குப் பின், ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனபோதோ, செக்ரோலில் பேர் இருந்தது, ஆள் இல்லை. ஏன் இல்லை என்று எழுத அந்தப் பேரேட்டில் கட்டமே கிடையாது.

தகப்பனாருக்கு மேலிடத்திலிருந்து வந்த கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். “சென்ற மாத அறிக்கை பொருந்தவில்லை, சரிபார்த்து அனுப்புக” என்பதே அவற்றின் சாரம். எந்தப் பத்தி, எந்த வரி, எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வார்த்தை இராது. அந்த அறிக்கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, கூட்டலை மேலிருந்து கீழாகவும் பின் கீழிலிருந்து மேலாகவும் போட்டு, வித்தியாசத்தை முதலில் கண்டெடுப்பார். பிறகு அதை இரண்டால் வகுத்துப் பார்ப்பார். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக நிற்குமாகையால், பாதித் தொகை ஏட்டில் எங்கேனும் கண்ணில் படும். படாவிட்டால் ஒன்பதால் வகுப்பார். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன என்று கொள்வார். 63 வெள்ளியை 36 என்று எழுதினால் 27 உதைக்கும். 27ஐ ஒன்பதால் வகுத்தால் 3. ஆறுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 3. பிழை தன் பெயரைச் சொல்லாவிட்டாலும் தன் ஜாடையைக் காட்டிவிடும் என்பதற்கு இதைவிட ஒரு நிதர்சனம் எனக்குத் தெரியாது. இதெல்லாம் பென்சில் வேலை. மை தொட்டு எழுதுவது முடிவு கண்ட பிறகுதான்.

காலம் மாறிற்று. 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. முதலில் வாங்கியது இதே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில், பெருந்தோட்டங்களை வைத்திருந்த கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செக்ரோலும் கணினிக்குள் போயிற்று.

கணினியின் பாஷையோ பிறவியிலேயே சுருக்கமானது. 1970ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்காக இயற்றிய ‘எட்’ என்னும் எழுத்துத் திருத்தி, எந்தப் பிழைக்கும் ஒரே ஒரு கேள்விக்குறியை மாத்திரம் அச்சிட்டு நிறுத்திவிடும். அக்காலத்து டெலிடைப் யந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துகளே அடிக்குமாகையால், அந்தக் கஞ்சத்தனத்துக்கு நியாயம் இருந்தது. அதே யூனிக்ஸ் வம்சத்தில் “இது தட்டச்சுப் பொறி அன்று” என்றொரு செய்தி பிரசித்தம். முனையம் அல்லாத ஒன்றை முனையம் போல் கையாண்டதற்கான குறி அது. ஆனால் முந்தைய ஏதோ ஒரு சோதனையின்போது நினைவில் தங்கிவிட்ட அந்தக் குறியை, பின்னால் வேறொரு பிழை நேர்ந்தபோது நிரல்கள் தவறாக எடுத்து அச்சிட்டு, எத்தனையோ பேரைத் திகைக்க வைத்தன. சொல்வது மெய், ஆனால் கேட்ட விஷயத்துக்கு அது பதிலன்று. ஆபீசுக் கடிதங்களிலும் இந்த ஜாதி உண்டு.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் ஓஆர்ஏ–00942 இன்னும் விசித்திரம். “அட்டவணையோ காட்சியோ இல்லை” என்று அது பல பத்தாண்டுகள் சொல்லி வந்தது. எந்த அட்டவணை என்று மாத்திரம் சொல்லாது. 23ஆம் பதிப்பில்தான் பெயரைச் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. அட்டவணை இருந்தும் பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லாவிட்டாலும் அதே செய்திதான். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: ‘இருக்கிறது, ஆனால் உனக்கில்லை’ என்று சொன்னால், இருப்பதையாவது திருடன் அறிந்துகொள்வான் அல்லவா? அமேசானின் எஸ்3 கிடங்கு இதையே தலைகீழாகச் செய்யும்; பட்டியல் பார்க்கும் அனுமதி இல்லாதவன் கேட்டால், இல்லாத கோப்பையும் ‘இல்லை’ என்னாமல் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றே கூறும். இவ்வகை மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதையே சாக்காக வைத்துக்கொண்டு, சோம்பலால் எழுதாமல் விட்ட காரணங்களையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே திரைக்குள் மறைப்பவர்கள் உண்டு.

எனக்குப் பழைய தோட்ட ஆபீசை அப்படியே நினைவூட்டுவது 2004இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட அறிக்கைச் சேவை. அது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறிக்கை தயாராகையில் பிழை நேர்ந்தது என்று மாத்திரம் சொல்லி, விவரம் வேண்டுமானால் சர்வர் யந்திரத்திடமே போய்ப் பார்க்கும்படி வழி காட்டும். தொலைவிலிருப்போருக்கும் விவரம் காட்டலாம் என்று நிர்வாகி ஒரு விசையை மாற்றினாலொழிய இதுவே இயல்பு நிலை. ஆக, காரணம் இருக்கிறது, ஆபீசுக்குள் இருக்கிறது, வாசலில் நிற்பவனுக்குத்தான் இல்லை. மேகக்கணினி வந்தபின் அந்த ஆபீசு எங்கே இருக்கிறதென்பதும் தெரியாமற் போயிற்று. முன்சொன்ன 32 குறிகளின் தொடரை அங்குள்ளோருக்கு அனுப்பினால், அவர்கள் தங்கள் பேரேட்டில் அதைத் தேடிக் காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். வெறும் கிறுக்கலாகத் தோன்றும் அதுவே செய்தியில் மிகப் பயனுள்ள பகுதி. நம்மில் அநேகர் அதைப் பிரதி எடுக்காமலே ஜன்னலை மூடிவிடுகிறோம்.

தங்கை மகன் சுங்கைப் பட்டாணியில் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறான். தோட்டங்களிலிருந்து ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளின் எடையை அன்றாடம் பதிந்து, மாதந்தோறும் மேகத்தில் அறிக்கையாக ஏற்றுவது அவன் வேலை. மே மாத அறிக்கை அவனுடைய மேஜைக் கணினியில் ஒழுங்காகத் திறந்தது. மேகத்தில் ஏற்றியதும் மறுத்தது. இரண்டு நாள் கடவுச்சொல்லை மாற்றினான், இணைப்பை மாற்றினான், மூன்றாம் நாள் என்னிடம் வந்தான்.

“மாமா, என்னான்னே சொல்ல மாட்டேங்குது.”

“முழுசா ஏத்தாதே. பாதி மாசத்த மட்டும் ஏத்திப் பாரு.”

முதற்பாதியை ஏற்றினான், மறுத்தது. அதையும் பாதியாக்கி ஏழு தேதி வரை ஏற்றினான்; ஏற்றுக்கொண்டது. பத்து வரை, பன்னிரண்டு வரை, ஏற்றுக்கொண்டது. பதின்மூன்றில் நின்றது. பதின்மூன்றாம் தேதிப் பதிவில் ஒரு குற்றமும் இல்லை. இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவனே சிரித்துவிட்டான். நம் ஊர் வழக்கப்படி நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதியிருந்தான்; அவன் கணினிக்கு அது பழக்கம். மேகத்திலிருந்த யந்திரமோ அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னே வைத்து வாசித்தது. பதின்மூன்றாவது மாதம் ஏது? அங்கேதான் அது திகைத்து நின்றது.

ஆனால் என்னை உறுத்தியது அந்தப் பதின்மூன்றன்று. யந்திரம் முறைப்பாடின்றி ஏற்றுக்கொண்ட முந்தைய பன்னிரண்டு நாள்களே. மே 3ஐ அது மார்ச் 5 என்று எடுத்துக்கொண்டது. மே 10ஐ அக்டோபர் 5 என்றது. நாளும் மாதமும் ஒன்றாயிருந்த மே 5 ஒன்றுதான் தப்பியது. அரைகுறையாகவேனும் பிழை என்று கூவிய வரிகளால் நஷ்டமில்லை. சமர்த்தாகத் தலையாட்டிய வரிகள்தாம் வருஷக் கணக்கையே புரட்டியிருக்கும்.

தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசைக்கு மாற்றியதும் அறிக்கை திறந்தது. ஆலையின் தராசுப் புத்தகத்தோடு அவன் ஒப்பிட்டான். 36 கிலோ உதைத்தது. நான் வாய் திறக்குமுன் மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து ஒரு சீட்டின் மூலையில் ஒன்பதால் வகுத்தான். பிறகு லாரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினான். இருபத்திரண்டாம் தேதி, மூன்றாவது லாரி. சீட்டில் 1,840 என்றிருந்தது; பதிவில் 1,804.