கம்பார்: நான்கு நாள் தாங்கிய குன்றுகள்

கம்பார் என்றதும் பலருக்குக் கோழி பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். ஈப்போவிலிருந்து பழைய கூட்டரசு சாலையில் தெற்கே வருபவர்கள் வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். அந்த ஊரிலேயே இருக்கும் கிரீன் ரிட்ஜ் எனும் சிறு குன்றில் ஏறிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? 1942ஆம் ஆண்டின் புத்தாண்டு நாள் அங்கே பீரங்கி முழக்கத்தோடுதான் விடிந்தது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தாபாருவில் கரையிறங்கினர். அடுத்த சில நாட்களில் ஜித்ராவில் 11ஆவது இந்திய டிவிஷன் நிலைகுலைந்தது. பிறகு பின்வாங்கலுக்கு மேல் பின்வாங்கல். ஆள் இழப்பு எவ்வளவு என்றால், இரண்டு பிரிட்டிஷ் பட்டாளங்களில் எஞ்சியவர்களை ஒன்றாகச் சேர்த்து 'பிரிட்டிஷ் பட்டாளம்' என்று புதுப்பெயர் வைக்க வேண்டியிருந்தது. இந்தியப் படைப்பிரிவுகளும் அப்படியே இணைக்கப்பட்டன.

அப்படிக் களைத்துப் போனவர்கள் கம்பாரில் மட்டும் எப்படி நின்று போராடினார்கள்? விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது. கிழக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் புஜாங் மலாக்கா மலை. அதன் அடிவாரத்தில் தாம்சன், கிரீன், செமெட்ரி எனும் மூன்று குன்றுகள். மேற்கே ஈயலம்பங்களின் திறந்த வெளி. ரப்பர் தோட்டங்களிலும் காட்டிலும் மறைந்து வந்து பக்கவாட்டில் வளைத்துக்கொண்ட ஜப்பானியப் படை, இங்கே வெட்டவெளியில் வந்தாக வேண்டும். பீரங்கிக்கு இதைவிட வசதியான இடம் ஏது? இன்றும் கிரீன் ரிட்ஜில் பதுங்குகுழிகளின் தடங்களைக் காணலாம். அவற்றின் அருகே நின்று வடக்கே பார்ப்பவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

டிசம்பர் 30ஆம் தேதி சண்டை தொடங்கியது. ஜனவரி 1ஆம் தேதி பெரும் தாக்குதல். ஜனவரி 2ஆம் தேதி தாம்சன் குன்றின் சில பதுங்குகுழிகள் ஜப்பானியர் வசமாயின. அவற்றை மீட்கப் பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கியரும் குஜ்ஜரும் அடங்கிய ஒரு கம்பெனி, துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிக்கொண்டு நேருக்கு நேர் பாய்ந்தது. குழிகள் மீட்கப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே மடிந்தனர். தலைமையேற்ற கேப்டன் கிரஹாம் படுகாயமடைந்து பின்னர் உயிர்நீத்தார்.

வென்ற குன்றை அன்றிரவே கைவிட்டார்கள். காரணம் கம்பாரில் இல்லை, கடலில் இருந்தது. ஜப்பானியர் படகுகளில் வந்து மேற்குக் கரையில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இறங்கி, பின்னால் செல்லும் சாலையை மறிக்க முனைந்தனர். தடுக்கக் கடற்படை எங்கே? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு போர்க்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் தேதியே குவாந்தான் கடலில் மூழ்கிவிட்டன. விமானப் பலமும் இல்லை. ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் தற்காப்பை உடைத்தன. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூரும் பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் வீழ்ந்தன.

'இந்தியச் சிப்பாய்கள் சண்டையே போடாமல் ஓடினார்கள்' என்று சொல்பவர்களை ஒருமுறை இந்தக் குன்றுக்கு அழைத்து வரவேண்டும். சிப்பாய் தன் கடமையைச் செய்தான். அவன் முதுகைக் காக்க வேண்டிய திட்டம்தான் பொய்த்தது.

கம்பாரோடு பயணத்தை முடித்துக்கொண்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். தைப்பிங் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் அடையாளம் தெரியாதவர்கள். சீக்கியரும் இந்துக்களும் தகனம் செய்யும் வழக்கமுடையவர்கள். கல்லறைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் அவர்களைக் கணக்கில் விட்டுவிடுவார். கல்லறையில்லாதவர்களுக்காகச் சிங்கப்பூர் கிராஞ்சியில் நினைவுச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வடக்கே போகிறவர்கள் கம்பாரில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கலாம். வெயில் ஏறுமுன் குன்றில் ஏறுவது நல்லது. பதுங்குகுழிகளுக்குள் இறங்கி மிதிக்காமல், ஓரமாக நின்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அங்கே நின்றவர்களில் பலர் இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆனவர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிஸ்கட் வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்.