கலால்

கலால்: உள்நாட்டில் உற்பத்தியாகும் பொருள்மீதான வரி, ஆயத்தீர்வை. வட இந்திய மொழிகளில் சாராயம் காய்ச்சி விற்பவரைக் குறித்த சொல், மதுவரிக்கும் பிறகு பொது உற்பத்தி வரிக்கும் பெயரானது. எல்லை தாண்டும் சரக்குக்குச் சுங்கம். செய்யும் இடத்திலேயே விழுவது கலால்.

சிறுதொழிலுக்கான 2003ஆம் ஆண்டுக் கலால் சலுகை, பிறர் வணிகப்பெயர் தாங்கிய பொருளுக்குப் பொதுவாகக் கிடைக்கவில்லை. கிராமப்புறத் தொழிலகத்தில் செய்தால் கிடைத்தது. திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களின் பட்டறைகளுக்கு இது பெரிய ஆதரவாக இருந்தது. வருவாய்ப் பதிவேட்டில் இடம் கிராமமாக இருக்க வேண்டும்; நகராட்சி எல்லைக்குள் வரக்கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. தகராறு எழுந்தால் அந்தப் பதிவேடே முதல் சான்றாக இருந்தது.

2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்குக் கலாலின் இடத்தை ஜி.எஸ்.டி. எடுத்துக்கொண்டது. பெட்ரோல், டீசல், புகையிலைக்குக் கலால் தொடர்கிறது.